டூரிங் பைக்கில் புதுக் கண்ணாடி மாட்டுவது: மரையிலிருந்து முதல் 100 கிலோமீட்டர் வரை

நெடும்பயண ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் பையைக் கட்டி, வண்டியில் உட்கார்ந்து இரண்டு கண்ணாடிகளையும் பாருங்கள். ஷோரூமில் சட்டையோடு உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்த சாலை இப்போது தெரியாது. பாதிக் கண்ணாடியை முழங்கை அடைத்திருக்கும், மீதியில் பையின் ஓரம். பின்னால் 100-இல் வரும் பஸ், ஹாரன் அடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். டூரிங் ஓட்டுபவர்கள் கண்ணாடியை மாற்ற நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான். வேகத்தில் படம் அதிர்ந்து மங்குவதும், கரடுமுரடான பாதையில் விழுந்தால் தண்டு உடைவதும் அடுத்து வருபவை.

வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் கண்ணாடி அல்ல. அது உட்காரும் அலுமினிய மரையும், பக்கத்தில் இருக்கிற பிரேக்கும், ஆக்சிலேட்டரும்தான். அதனால் எந்த மாடல் அழகு என்று பார்ப்பதற்கு முன் உங்கள் வண்டியை அளந்துகொள்ளுங்கள்.

வாங்கும் முன்: இருக்கிற கண்ணாடியில் செய்து பார்க்க வேண்டியவை

பலருக்குப் புதுக் கண்ணாடியே தேவைப்படாது. பையைக் குறுக்காகக் கட்டியிருந்தால் நீளவாக்கில் திருப்பிக் கட்டுங்கள். தோள் அகலத்துக்கு வெளியே நீட்டாத பை கண்ணாடியை மறைக்காது. பக்கவாட்டுப் பெட்டிகள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் கீழே இருப்பதால் அவ்வளவாகத் தொல்லை தராது. கண்ணாடித் தண்டு சுழலாமல் பூட்டிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, தண்டை ஒரு விரல் அளவு வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

அப்படியும் போதவில்லை என்றால், எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதைக் காசு செலவழிக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முழு உடுப்போடு ஹெல்மெட் மாட்டி வண்டியில் உட்காருங்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கக் கூடாது, இரண்டு காலையும் ஊன்றி நேராக நிறுத்துங்கள். நண்பர் ஒருவர் சின்ன முகக் கண்ணாடியை இப்போதைய கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாக வெளியே நகர்த்தட்டும். முழங்கை விலகிப் பின்னால் இருக்கும் சாலை திறக்கிற இடத்தில் நிறுத்தி டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே உயர்த்தியும், ஹேண்டில் முனைக்குக் கீழே இறக்கியும் பிடித்துப் பார்க்கட்டும். இந்த மூன்று இடங்களில் எது உங்களுக்கு நன்றாகத் தெரிகிறதோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய வகையை முடிவு செய்யும்: நீளத் தண்டு, உயரத் தண்டு, அல்லது ஹேண்டில் முனையில் மாட்டும் பார்-எண்ட் கண்ணாடி.

40 அல்லது 50 மில்லிமீட்டர் மட்டும் வெளியே போனால் போதும் என்றால், பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டே, தண்டை வெளியே தள்ளி நிறுத்தும் எக்ஸ்டெண்டர் மாட்டலாம். எக்ஸ்டெண்டர் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு அதிர்வும் கூடும். சிங்கிள் சிலிண்டர் வண்டிகளில் இதை நன்றாகவே உணரலாம்.

மரை: இங்கே தவறினால் எல்லாம் தவறும்

கண்ணாடித் தண்டு உட்காரும் இடம் இடப்பக்கம் கிளட்ச் லீவரைத் தாங்கும் யோக்கிலும், வலப்பக்கம் முன் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்ப்பிலும் இருக்கும். இரண்டும் அலுமினியம். தண்டு இரும்பு. தவறான மரையைப் பலத்தால் ஏற்றினால் இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தூளாக வெளியே வரும்.

பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் 10 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரை முகடுகளுக்கு இடையே உள்ள தூரம். ஸ்கூட்டர்களிலும் சிறிய வண்டிகளிலும் 8 மி.மீ. கிடைக்கும். பிஎம்டபிள்யூவில் 10 மி.மீ. விட்டத்துக்கு 1.5 பிட்ச். ஹார்லி டேவிட்சனில் யோக்கிலேயே மரை இருக்காது, தண்டு துளை வழியாக இறங்கி அடியில் நட் போட்டு இறுக்கும் அமைப்பு. உங்கள் வண்டி எந்த வகை என்று கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பிட்ச் கேஜ் இல்லாமலே அளக்கலாம். ஸ்டீல் ஸ்கேலை மரையின் மேல் வைத்து 15 மி.மீ. நீளத்தில் எத்தனை முகடுகள் என்று எண்ணுங்கள். 12 வந்தால் பிட்ச் 1.25. 10 வந்தால் 1.5. விட்டத்தை வெர்னியரில் பாருங்கள். புது மரையில் 10 என்றால் 9.8 அல்லது 9.9 காட்டும், அது சரிதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. யமஹாவின் பல வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடமரை. அதாவது மற்ற போல்ட்டுகளுக்கு நேர்மாறாக, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தண்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். மரைக் கோடுகள் வலப்பக்கமாக மேலே ஏறினால் வழக்கமான வலமரை, இடப்பக்கமாக ஏறினால் இடமரை. இதைத் தெரியாமல் வழக்கம்போல எதிர்த் திசையில் நெம்புபவர் உண்மையில் இறுக்கிக்கொண்டே போகிறார்.

ஏன் அப்படி வைத்தார்கள் என்று தெரிந்தால் மறக்காது. வலக் கண்ணாடி எதிரே வரும் எதன் மீதாவது இடித்தால், தண்டு பின்னால் தள்ளப்படும். மேலிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசை. வலமரையாக இருந்தால் இடி அதை இறுக்கும், மேலும் போக வழியில்லாமல் தண்டோ கிளாம்ப்போ உடையும். இடமரையாக இருந்தால் கண்ணாடி கழன்று திரும்பிவிடும், பிரேக் தப்பிக்கும். இடப்பக்கத்தில் வலமரையே இந்த வேலையைச் செய்கிறது. இதே கணக்கில் இன்னொன்றும் புரியும்: காற்றும் கண்ணாடியைப் பின்னால்தான் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் வலமரை உள்ள வண்டியில், வலக் கண்ணாடியைக் காற்று இறுக்கும், இடக் கண்ணாடியைத் தளர்த்தும். நெடுஞ்சாலையில் எப்போதும் இடக் கண்ணாடியே சுழன்று போகிறது என்றால் காரணம் இது. இடப்பக்க லாக் நட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை.

மரை பொருந்தவில்லை என்றால் அடாப்டர் கிடைக்கும்: 8-லிருந்து 10, 10-லிருந்து 8, வலமரையிலிருந்து இடமரை. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் தேடலாம், லேத் பட்டறையிலும் சொல்லிச் செய்யலாம். அடாப்டர் வைத்தால் கழலக்கூடிய இணைப்புகள் இரண்டாகின்றன. அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றும்போது அடாப்டரும் சேர்ந்து சுழன்று வந்தால் வேலை கெடும். கீழ் மரையில் நீல நிற நடுத்தர வலிமை லாக்டைட் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, மேல் மரையில் எதுவும் வேண்டாம்.

கண்ணாடியையே சோதிப்பது

மலிவான கண்ணாடியில் கெடுவது சட்டமல்ல, பிரதிபலிப்பு. கடையில் டியூப் லைட்டைக் கண்ணாடியில் பார்த்தபடி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கோடு ஒரே சீராக வளைந்து நகர வேண்டும். நடுவில் நெளிந்தாலோ, ஓரத்தில் திடீரென்று இழுத்துக்கொண்டாலோ அந்தக் கண்ணாடியை வைத்துவிடுங்கள். சாலையில் அந்த நெளிவுக்குள் ஒரு பைக் மறைந்துவிடும்.

அடுத்து குழிவு, சரியாகச் சொன்னால் குவிவு. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 81-ஆவது விதி இரு சக்கர வாகனக் கண்ணாடிகளுக்கானது. அதன்படி வளைவின் ஆரம் 1000-க்கும் 1500 மில்லிமீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும். வட்டக் கண்ணாடியின் விட்டம் 94 மி.மீ.க்குக் குறையக் கூடாது, பிரதிபலிக்கும் பரப்பு 69 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது. கண்ணாடியின் மையம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 280 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். இந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் எந்த நாடு அங்கீகரித்தது என்பதைச் சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். இந்தியாவில் கண்ணாடிக்கான தரங்கள் ஏஐஎஸ்-001, ஏஐஎஸ்-002.

முத்திரை இல்லாத கண்ணாடியின் வளைவை ஏடிஎம் கார்டால் சோதிக்கலாம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. எழுத்து புடைக்காத கார்டாக எடுத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. அகலமுள்ள கண்ணாடியின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குத்துவாக்கில் நிறுத்துங்கள். ஸ்கேல் நடுவில் தொடும், இரண்டு ஓரத்திலும் இடைவெளி தெரியும். ஸ்கேல் ஒரு பக்கம் சாயாமல் சமமாகப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் கார்டை நுழையுங்கள். ஒரு கார்டு நுழைந்து, இரண்டு கார்டு சேர்ந்து நுழையவில்லை என்றால் வளைவு ஏறத்தாழ சரியான எல்லைக்குள் இருக்கிறது. இரண்டு கார்டும் தாராளமாகப் போனால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குவிந்தது: அகலம் நிறையக் காட்டும், ஆனால் பின்னால் வரும் லாரி தொலைவில் பொம்மை போலத் தெரியும். ஒரு கார்டுகூட நுழையவில்லை என்றால் கிட்டத்தட்டத் தட்டைக் கண்ணாடி. தூரத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் குறுகிய பாதையைத்தான் காட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே வளைவு இருக்க வேண்டும். வலது ஒரு கம்பெனி, இடது ஒரு கம்பெனி என்று மாட்டினால் ஒரே கார் ஒரு பக்கம் அருகிலும் மறுபக்கம் தொலைவிலும் தெரியும், வேகத்தில் மூளை குழம்பும்.

நீலச் சாயம் பூசிய கண்ணாடி இரவில் பின் விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும். மழையிருட்டில் விளக்கில்லாமல் வரும் வண்டியையும் சேர்த்து மங்கலாக்கும். நெடும்பயணத்துக்குச் சாயமில்லாத கண்ணாடியே நல்லது.

தேவையான சாமான்கள்

13, 14, 17 அளவு ஸ்பேனர்கள். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. இறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. மாஸ்கிங் டேப், பழந்துணி, டபிள்யூடி-40, நீல லாக்டைட், கொஞ்சம் கிரீஸ், ஒரு மரக் குச்சி. துளையின் ஆழத்தை அளக்கத்தான் குச்சி.

பழையதைக் கழற்றுவது

டேங்கின் மேல் தடித்த துணியை விரியுங்கள். ஸ்பேனர் ஒரு தரம் நழுவினால் பெயிண்ட் போய்விடும். இருக்கும் கண்ணாடியின் கோணத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் மூடியை மேலே தள்ளினால் அடியில் லாக் நட் தெரியும். உப்புக் காற்றுப் படுகிற கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் டபிள்யூடி-40 அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கின் பக்கம் தெறிக்காமல் துணியால் மறையுங்கள்.

ஸ்பேனரை லாக் நட்டில் வைத்து, இன்னொரு கையால் தண்டைப் பிடித்து, நட்டை மட்டும் தளர்த்துங்கள். சில வண்டிகளில் யோக்கில் ஒரு சிறு அடாப்டர், அதன் மேல் லாக் நட் என்று இரண்டு அறுகோணங்கள் இருக்கும். மேல் நட்டுக்குச் சில சமயம் இடமரை இருக்கும். கால் சுற்றுக்கு மேல் அசையாமல் கெட்டியாக இருந்தால் நிறுத்தி, திசை சரிதானா என்று மீண்டும் பாருங்கள். நட் தளர்ந்த பிறகு தண்டைக் கையாலேயே சுழற்றி எடுத்துவிடலாம்.

வலப்பக்கம் வேலை செய்யும்போது மாஸ்டர் சிலிண்டர் கிளாம்ப்பின் போல்ட்டுகளைத் தொடாதீர்கள். தொட வேண்டியே வந்தால் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். கிளாம்ப்பில் அம்புக்குறியும் மேலே என்பதற்கான எழுத்தும் பொறித்திருந்தால் அது மேல்நோக்கியே இருக்க வேண்டும், மேல் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கிவிட்டுத்தான் கீழ் போல்ட். பிரேக் ஆயில் டப்பாவை இந்த வேலைக்குத் திறக்கவே தேவையில்லை. டாட் 4 ஆயில் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும்.

மாட்டுவது

காலி துளைக்குள் குச்சியை விட்டு அடி தட்டும் வரை இறக்கி, ஆழத்தைக் குறியுங்கள். புதுத் தண்டின் மரை அதைவிட நீளமாக இருந்தால் தண்டின் நுனி அடியைத் தட்டி நிற்கும், நீங்கள் இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். சில யோக்குகளில் துளை அடிவரை திறந்திருக்கும். அங்கே நீளத் தண்டு கிளட்ச் சுவிட்ச்சையோ கேபிளையோ போய் அழுத்தும். அப்படியானால் லாக் நட்டை மேலே ஏற்றி வைத்து நுழையும் நீளத்தைக் குறையுங்கள். ஆனால் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ., முடிந்தால் 15 மி.மீ. மரை இறங்கியிருக்க வேண்டும். நான்கைந்து சுற்றுக்குள் நிற்கிற தண்டு முதல் பள்ளத்திலேயே மரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

துளையைத் துணியால் துடையுங்கள். தண்டின் மரையில் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மட்டும் கிரீஸ் தடவுங்கள். இரும்பும் அலுமினியமும் மழைநீரோடு சேர்ந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றும்போது யோக்கே கூட வரும்.

இப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். தண்டைத் துளையின் மேல் நேராக நிறுத்தி, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் ‘டிக்’ என்று தண்டு ஒரு நூலளவு கீழே விழுவது கையில் தெரியும். அதுதான் மரை மரையோடு சேர்ந்த இடம். அங்கிருந்து ஏற்றும் திசையில் திருப்புங்கள். ஐந்து சுற்று விரலாலேயே தடையில்லாமல் போக வேண்டும். ஒன்றரைச் சுற்றில் கடினமானால் மரை குறுக்கே ஏறுகிறது, அல்லது பிட்ச் வேறு. 1.5 பிட்ச் தண்டு 1.25 துளையில் இப்படித்தான் நடந்துகொள்ளும்: முதலில் ஏறுவது போலக் காட்டி, பிறகு பிடித்துக்கொள்ளும். வெளியே எடுங்கள். ஸ்பேனர் போட்டு ஏற்றிவிடலாம் என்ற எண்ணம்தான் இந்த வேலையில் அதிகம் செலவு வைக்கிறது.

முழுதாக இறங்கியதும், தண்டு தோராயமாகச் சரியான திசையைப் பார்க்கும்படி பின்னோக்கித் திருப்பி நிறுத்துங்கள். அடிவரை இறுக்கி நிறுத்தக் கூடாது, இறுக்கத்தைத் தரவேண்டியது லாக் நட்தான். தண்டை ஒரு கையால் அசையாமல் பிடித்து நட்டை யோக்கின் மேல் இறக்கி இறுக்குங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால் அதுதான் சட்டம். இல்லையென்றால் 10 மி.மீ. மரைக்கு 15-லிருந்து 20 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு: 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை. இன்னும் இறுக்கினால் விழும்போது கண்ணாடி திரும்புவதற்குப் பதில் மாஸ்டர் சிலிண்டர் கிளாம்ப் உடையும். லடாக்கிலோ ஸ்பித்தியிலோ நடுவழியில் முன் பிரேக் போவதைவிடக் கண்ணாடி திரும்பிப் போவது எவ்வளவோ மேல்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் ஒட்டுப் பசையெல்லாம் நிற்காது. நல்ல பட்டறையில் ஹெலிகாயில் எனப்படும் சுருள் மரையை உள்ளே பதித்துத் தருவார்கள். அலுமினியத்தைவிட உறுதியான மரை கிடைக்கும். மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்ப் தனித் துண்டாக இருக்கிற வண்டியில் அதை மட்டும் புதிதாக வாங்குவது இன்னும் எளிது.

பார்-எண்ட் கண்ணாடி என்றால்

முழங்கைப் பிரச்சினை முற்றிலும் தீரும், படமும் தெளிவாக இருக்கும். பதிலுக்கு வண்டியின் அகலம் இரண்டு பக்கமும் கூடும். கண்ணாடி கார்களின் கண்ணாடி உயரத்துக்கு இறங்கிவிடுவதால் நெரிசலில் உரசும். கையைக் காக்கும் ஹேண்ட்கார்டு மாட்டிய வண்டிகளில் ஹேண்டில் முனையை ஏற்கெனவே அது பிடித்திருக்கும், அவற்றுக்கு இது ஒத்துவராது.

பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடி இருக்கும் பகுதியில் ஹேண்டில்பாரின் வெளிவிட்டம் 22 மி.மீ. நடுவில் 28.6 மி.மீ. தடித்த பார் இருந்தாலும் முனையில் 22-தான். உள்விட்டம் குழாயின் தடிமனைப் பொறுத்து 14-லிருந்து 18 வரை மாறும், வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள். முனையில் இருக்கும் எடைக்கட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் கம்பெனியிலேயே லாக்டைட் போட்டிருப்பார்கள். சரியான அளவு பிட்டை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தலை வழுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவருக்கு மாறுங்கள்.

அந்த எடைக்கட்டி அலங்காரம் அல்ல, கைக்கு வரும் அதிர்வை அதுதான் அடக்குகிறது. அதை எடுத்துவிட்டு எடையற்ற கண்ணாடியை மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். எடைக்கட்டியோடு சேர்ந்து மாட்டும் அமைப்புள்ள கண்ணாடியைத் தேடுங்கள்.

வலப்பக்கம் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஆக்சிலேட்டர் குழாயின் முனைக்கும் கண்ணாடியின் கட்டைக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். கட்டை குழாயை உரசினால் ஆக்சிலேட்டர் முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். இன்ஜினை அணைத்து வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி விடுங்கள். ‘டக்’ என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக, முழு இடம், முழு வலம் என்று மூன்று நிலையிலும் செய்யுங்கள். பிறகு இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறினால் ஏதோ ஒன்று கேபிளை இழுக்கிறது. இது சரியாகும் வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

இடித்துப் பார்ப்பது

எந்த வகைக் கண்ணாடியானாலும் ஹேண்டிலை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, தண்டு விண்ட்ஷீல்டில், டேங்கில், டேங்க் பையில், மொபைல் ஹோல்டரில் இடிக்கிறதா என்று பாருங்கள். டேங்க் பையை வெறுமையாக வைத்துப் பார்த்தால் போதாது, பயணத்தில் நிரப்புவது போல நிரப்பிவிட்டுப் பாருங்கள். பார்-எண்ட் கண்ணாடி கீழ்நோக்கி இருந்தால் முழங்காலையும் கணக்கில் சேருங்கள். பிரேக், கிளட்ச் லீவர்களை முழுதாக அழுத்தும்போது விரல் தண்டைத் தொடக் கூடாது. பிரேக் ஹோஸையோ கேபிளையோ கண்ணாடித் தண்டோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டாதீர்கள், ஹேண்டில் திரும்பும்போது அவை நகர இடம் வேண்டும்.

கோணம் வைப்பது

சுமையெல்லாம் கட்டிய பிறகு, பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் அவரையும் உட்கார வைத்துவிட்டுத்தான் கோணம் வையுங்கள். சுமை ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் மேலே தூக்கும், கண்ணாடியின் பார்வை கீழே இறங்கும். தனியாக உட்கார்ந்து வைத்த கோணத்தில் சுமையோடு போனால் அடிவானம் கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய், பின் சக்கரத்துக்கு அடுத்த சாலைதான் தெரியும்.

சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்திப் பாருங்கள். அடிவானம் கண்ணாடியின் நடுவில், அல்லது நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். உள் ஓரத்தில் உங்கள் தோளோ முழங்கையோ ஒரு விரல் அகலம் தெரிவது நல்லது. அது தெரிந்தால்தான் மற்ற வண்டி உங்களுக்கு எவ்வளவு அருகில் என்பது கண்ணுக்குப் புரியும். அதற்கு மேல் தெரிந்தால் வீண்.

பிறகு நண்பரை வண்டிக்குப் பின்னால் 10 மீட்டரில் நிறுத்தி, பக்கத்து லேனில் வரும் கார் போல நடந்து வரச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியின் வெளி விளிம்பில் மறைகிற நேரத்தில் உங்கள் கடைக்கண்ணுக்கு வந்துவிட வேண்டும். இடையே இரண்டிலும் தெரியாத காலடிகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பி அந்த எண்ணிக்கையைக் குறையுங்கள். சுத்தமாக இல்லாமல் செய்ய முடியாது, அதனால் லேன் மாறும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை எப்போதும் வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகளில் முந்துபவர்கள் வலப்பக்கம் வருவதால் முதலில் வலக் கண்ணாடியைத் திருத்துங்கள். ஆனால் மலைப்பாதையில் இடப்பக்கம் நுழையும் பைக்குகளுக்கு இடக் கண்ணாடியும் அதே அளவு முக்கியம்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஐந்து கிலோமீட்டர் தெருவில், பிறகு 60, பிறகு 80. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 60-இல் அசையாத கண்ணாடி 120-இல் மடங்குவது அதனால்தான். கண்ணாடியின் பின்னால் இருக்கும் பந்து போன்ற மூட்டினை, இரண்டு கையால் அழுத்தினால் மட்டும் நகரும் அளவுக்கு இறுக்குங்கள்.

படம் அதிர்ந்தால் எப்போது அதிர்கிறது என்று கவனியுங்கள். எல்லா வேகத்திலும் என்றால் எங்கோ ஒரு நட் தளர்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் மங்கி, அதற்கு மேலும் கீழும் தெளிவாகிறது என்றால், தண்டின் சொந்த அதிர்வும் இன்ஜினின் அதிர்வும் அந்த இடத்தில் ஒத்துப்போகின்றன. இறுக்கிப் பயனில்லை. தண்டைக் குட்டையாக்கினாலோ, தலையின் எடையை மாற்றினாலோ அந்த ஆர்பிஎம் இடம் மாறும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலிருந்து அதை விலக்கினால் போதும். குழாய்த் தண்டாக இருந்தால் உள்ளே சிலிக்கோன் பசை நிரப்பலாம், அல்லது பார்-எண்டில் கனமான எடைக்கட்டி போடலாம். மரைக்கு அடியில் ரப்பர் வாஷர் வைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள், லாக் நட் ஒருபோதும் நிற்காது.

முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, இரண்டு லாக் நட்டையும் மூட்டுகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். புது மரையும் வாஷரும் உட்காரும்போது கொஞ்சம் இளகுவது வழக்கம். லாக் நட்டிலிருந்து யோக் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால் அடுத்தடுத்த நாட்களில் குனிந்து ஒரு பார்வை போதும், கோடு முறிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. அந்த நட்டுக்கான ஒரே ஒரு ஸ்பேனரை டூல் கிட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கம்பெனி கொடுக்கும் கிட்டில் பல நேரம் அந்த அளவு இருக்காது. கழற்றிய பழைய கண்ணாடிகளைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். புதுசு உடைந்தால் அடுத்த நாளே மாட்ட அதுதான் கைகொடுக்கும்.